பதினாலாம் பக்கம்

"கொலை செஞ்சது யாருன்னு எங்க நோயாளிங்களுக்குத் தெரிஞ்சாகணும்," என்றார் ஆஸ்பத்திரி வாசிப்புக் குழுவின் தலைவி, தொலைபேசியில். "அது தெரியாம ஒருத்தர் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போகமாட்டேங்கறார்."

திங்கட்கிழமை காலை ஒன்பதரை. செயலாளர் இன்னும் நாற்காலியில் சரியாகக்கூட உட்காரவில்லை.

"துல்லியம் சாரா?"

"வேற யாரு? கட்டிலுக்கு ஏழு நிமிஷம்னு கடிகாரத்தோட நிக்கறார். ஏழு ஆச்சுன்னா விசில். போலீஸ் கதவை உடைச்சுட்டு உள்ள நுழையுது, அங்க ஒரு விசில். நாங்க புத்தகத்தை மூடிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகணுமாம். வெள்ளிக்கிழமைக்குள்ள அவரைத் திருப்பி எடுத்துக்குங்க. இல்லன்னா நாங்க விலகிக்கறோம்."

செயலாளர் நடத்தி வந்தது ஒரு கூட்டமைப்பு. வட்டாரத்தில் இருக்கும் தொண்டு அமைப்புகளுக்கெல்லாம் ஆள் பிடித்துக் கொடுப்பது, பிடித்த ஆளை ஓடவிடாமல் வைத்துக்கொள்ளச் சொல்லித்தருவது, மொத்தத்தில் எல்லோரையும் வலுப்படுத்துவது அதன் வேலை. இருபத்தேழு அமைப்புகள் இருந்தன. துல்லியம் போய் வலுப்படுத்தியதில் இருபத்தைந்து ஆகிவிட்டது. இன்னும் ஒன்று குறைந்தால் பதிவு ரத்து. ஒன்றரை அறை அலுவலகம், இருமிக்கொண்டே ஓடும் வேன், செயலாளரின் பதினொரு வருட உழைப்பு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பூட்டு.

துல்லியம் என்பது முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். எடை அளவுத் துறையில் முப்பத்தெட்டு வருடம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்காரர்களின் தராசைச் சோதித்துப் பழகிய கை, ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்க மறுத்தது. மரம் நடும் குழுவுக்கு அனுப்பினார்கள். கன்றுகளுக்கு நடுவே இரண்டு அங்குலம் பிசகு என்று, நட்ட இருநூறையும் பிடுங்கி மறுபடி நடவைத்தார். குழு விலகியது. நாய்க் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். தினமும் காலையில் நாய்களை நிறுத்துப் பார்த்தார். கடிநாய்கூட அவரைக் கண்டால் தானாகப் போய்த் தராசில் உட்கார்ந்துகொண்டதாம். காப்பகமும் விலகியது.

கெட்டவர் என்றால் சுலபமாக இருந்திருக்கும். ஒரு நாள் மட்டம் போட்டதில்லை, ஓசியில் ஒரு டீ குடித்ததில்லை. திட்டலாமென்றால் பிடி கிடைக்காத மனிதர்.

"வேணாம்னு சொல்லிடுங்களேன்," என்றார் வேன் ஓட்டுநர். அலுவலகத்தில் சம்பளம் வாங்குவதில் இரண்டாவது ஆள், அபிப்பிராயம் சொல்வதில் முதல் ஆள்.

"எப்படிச் சொல்றது? பதினாலாம் பக்கம் இருக்கே."

தொண்டர் கைநூலின் கடைசிப் பக்கம் அது. பக்கம் முழுக்க ஒரே ஒரு வரி. 'தாமாக முன்வரும் எந்தத் தொண்டரையும், அவர் விரும்பும் நாள்வரை, எக்காரணம் கொண்டும் வேண்டாமென்று சொல்லலாகாது.'

கைநூலைத் தயாரித்தது இரண்டு வருடம் முன்பு. செயலாளர் எழுதினார், கூட்டமைப்பின் தலைவர் திருத்தினார், நூலகக் குழு வழியாக முகம் காட்டாத ஒரு தொண்டர் வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுத்தார். அச்சடித்து எல்லா அமைப்புகளுக்கும் அனுப்பினார்கள். ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை, மேசைக்கால் ஆடாமல் இருக்க அணைகொடுத்தவர்களைத் தவிர. பதினாலாம் பக்கத்தைத் தலைவர் சேர்த்தார் என்று செயலாளர் நினைத்துக்கொண்டிருந்தார். செயலாளர் சேர்த்தார் என்று தலைவர் சொல்லிக்கொண்டிருந்தார். முழுதாகப் படித்த ஒரே ஆள் துல்லியம்தான். ஓய்வு பெற்ற மறுநாளே, அந்தப் பக்கத்தை மடித்து அடையாளம் வைத்த கைநூலோடு வந்து நின்றார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறோம் என்று அன்றைக்குச் செயலாளருக்குத் தெரியவில்லை. கைதட்டி வரவேற்றார்.

செயலாளர் தலைவருக்குப் போன் போட்டார். தலைவர் காது டாக்டர். அதற்காக அடுத்தவர் சொல்வதைக் கேட்பார் என்று அர்த்தமில்லை.

"பதவி உயர்வு குடுத்துடுங்க," என்றார் தலைவர், செயலாளர் பாதி சொல்லி முடிப்பதற்குள். "பெரிய பதவியில இருக்கறவங்க வேலை செஞ்சு நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

செயலாளருக்கு அது நியாயமாகப் பட்டது. அன்று மதியமே துல்லியம், 'வட்டார ஆலோசகர்' ஆனார், ஒவ்வொரு அமைப்பாகப் போய் யோசனை சொல்லும் பதவி. பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடும், எந்த இடத்திலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கமாட்டார் என்பது கணக்கு.

ஒரு மணி நேரம் அவருக்கு ஏகப்பட்டது என்பது செவ்வாய்க்கிழமை தெரிந்தது. விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து ஐந்து அமைப்புகளை முடித்துவிட்டார். முதியோர் இல்லத்தில், பத்து வருடமாகச் சீட்டாட்டத்தில் ஏமாற்றி வந்த தாத்தாவைக் கையும் களவுமாகப் பிடித்தார். ஏமாந்த மூன்று தாத்தாக்களும் இப்போது ஏமாற்றியவரோடு பேசுவதில்லை. ஆட நான்காவது ஆளில்லாமல் இல்லமே சோகத்தில் இருந்தது. பழைய துணி சேகரிக்கும் குழுவில், பொத்தான் எண்ணிக்கைப்படி சட்டைகளைப் பிரிக்கவைத்தார். மாலைப் பள்ளியில் டீச்சர்களின் சாக்பீஸை அளந்து கொடுத்து, மிச்சத்தைத் திரும்பக் கேட்டார்.

சாயங்காலம் ஐந்து அமைப்புகளிலிருந்தும் போன் வந்தது. அதுவரை ஒரு அமைப்புதான் விலகுவேன் என்றிருந்தது.

"ஒண்ணா இருந்த தலைவலியை ஆறாக்கிட்டீங்க," என்றார் ஓட்டுநர். "நல்ல வளர்ச்சி."

"அந்தப் பதினாலாம் பக்கத்தையே கிழிச்சுடறேன்," என்றார் செயலாளர்.

கிழிக்க வேண்டுமென்றால் பொதுக்குழு கூடித் தீர்மானம் போட வேண்டும். வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு முன் இருபத்தைந்து அமைப்புகளுக்கும் கடிதம் போய்ச் சேர வேண்டும். இரண்டு நாளில் அதைச் செய்து முடிக்கக்கூடிய ஆள் வட்டாரத்திலேயே ஒருவர்தான் இருந்தார். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதைச் செயலாளர் மனமறிந்தே செய்தார்.

"கைநூலைப் பத்தி ஒரு விவாதம் சார். கடிதம் எல்லாருக்கும் போகணும்."

"எந்தப் பக்கம்னு போடணும்மா?" துல்லியம் பேனாவைத் திறந்தார்.

"பதினாலு."

துல்லியத்தின் முகம் ஒரு கணம் நின்றுபோன மாதிரி இருந்தது. பிறகு தலையசைத்து, அடிக்கோல் வைத்து ஒரு கோடு போட்டு, அதன்மேல் அழகாக எழுதிக்கொண்டார்.

கூட்டமைப்பின் சரித்திரத்தில் முதல்முறையாக இருபத்தைந்து பேரும் வந்தார்கள். ஒருவர்கூடத் தாமதமில்லை, காலை ஆறு மணிக்கு ஒவ்வொருவரையும் போனில் எழுப்பியது துல்லியம். நாற்காலிகள் நூல் பிடித்த மாதிரி நின்றன. கை எண்ணும் பொறுப்பும் அவருடையதுதான். வேறு யார் எண்ணினாலும் அவர் மறுபடி எண்ணுவார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"பதினாலாம் பக்கத்தை நீக்கலாம்னு சொல்றவங்க கை தூக்கலாம்," என்றார் தலைவர்.

துல்லியம் நோட்டும் பேனாவுமாக முதல் வரிசையிலிருந்து நடந்தார். ஒவ்வொரு முகத்துக்கும் முன்னால் நின்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பெயரெழுதத் தயாராகப் பார்த்தார். பூனைக்கு மணி கட்ட வந்த இருபத்தைந்து பேரும் காலடியில் எதையோ தொலைத்த மாதிரி தரையைப் பார்த்தார்கள்.

"இருக்கட்டும்னு சொல்றவங்க?"

இருபத்தைந்து கைகள். வாசிப்புக் குழுத் தலைவியின் கைதான் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது.

"இருபத்தஞ்சு," என்று அறிவித்தார் துல்லியம். நோட்டை மூடியவர், நகராமல் நின்றார். "முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ்ல எனக்காக யாரும் ஒரு கை தூக்கினதில்ல," என்றபோது குரல் உடைந்தது.

செயலாளருக்கும் கண் கலங்கிவிட்டது. கலங்கியதை நினைத்துத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

வெளியே போகும்போது வாசிப்புக் குழுத் தலைவி செயலாளரின் காதோடு சொன்னார். "கை தூக்கினது வேற, விலகல் கடிதம் குடுக்கறது வேற. ஆலோசகர் ஆனப்பறமும் எங்க வார்டுக்கு விசிலோட வந்துட்டுத்தான் இருக்கார். நாளைக்கு நாலு மணி வரைக்கும் பாப்பேன்."

வெள்ளிக்கிழமை. ஒரே ஒரு வழிதான் மிச்சமிருந்தது. அதையும் ஓட்டுநர்தான் சொன்னார். "வீட்டம்மாவைப் போய்ப் பாருங்க. முப்பத்தெட்டு வருஷமா அவரைச் சமாளிச்சிருக்காங்க. ஏதாவது வழி கண்டுபிடிக்காமயா இருப்பாங்க?"

துல்லியம் ரத்ததான முகாமுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, இருவரும் அவர் வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்த அம்மாள் சிரித்த முகமாக இருந்தார். உள்ளே வந்த செயலாளர் திகைத்தார். சுவர்க் கடிகாரம் பத்து இருபதில் நின்றிருந்தது. படங்கள் சாய்ந்து தொங்கின. சோபாவில் பாதி படித்த நாலு பத்திரிகைகள் குப்புறக் கிடந்தன. கம்ப்யூட்டர் மேல் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"அஞ்சு மணிக்கு எல்லாத்தையும் நேராக்கி, கடிகாரத்துல பேட்டரியைப் போட்டுடுவேன்," என்றார் அம்மாள், வெட்கமே இல்லாமல். "ஆறுக்கு அவர் வந்துடுவார்ல. டீ சாப்பிடுங்க. சர்க்கரையைக் கண்ணாலதான் பாத்துப் போட்டேன், ஸ்பூன் கிடையாது."

டீ அருமையாக இருந்தது. செயலாளருக்குச் சொல்ல வந்ததைச் சொல்லவே கூச்சமாக இருந்தது. ஆனால் மணி இரண்டு தாண்டிவிட்டது.

"அம்மா, சார் ரொம்ப உழைக்கறார். கொஞ்ச நாள் வீட்டுல ஓய்வா..."

"வேண்டாம்னு சொல்றீங்களா?"

"ஐயோ, அப்படியில்ல. ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது..."

அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். "அதுக்கு வழியில்லையேம்மா. பதினாலாம் பக்கம் இருக்கே."

செயலாளர் நிமிர்ந்தார். "உங்ககிட்ட சொல்லியிருக்காரா?"

"நேத்துக்கூட சொன்னார். இருபத்தஞ்சு பேரும் கை தூக்கி உறுதி பண்ணிட்டீங்களாமே. கேட்டப்பறம்தான் எனக்கு நிம்மதியாத் தூக்கம் வந்தது. ரெண்டு வருஷமா பயந்துட்டே இருந்தேன்."

"நீங்க எதுக்கும்மா பயப்படணும்?"

அம்மாள் எழுந்து போய், கம்ப்யூட்டர் மேல் கிடந்த துண்டை எடுத்து நிதானமாகக் கோணல்மாணலாக மடித்தார்.

"டைப் அடிக்கச் சொல்லி நூலகத்துல நீங்க குடுத்தனுப்பினது பதிமூணு பக்கம்தானேம்மா."