புதன்கிழமைக் கிழிசல்கள்

"என்னய்யா தச்சிருக்க? கையைத் தூக்கினா உள்ள காத்தடிக்குது!"

டிரைவர் சட்டையை வெட்டுமேஜை மேல் வீசினார். டைலர் எடுத்துப் பார்த்தார். வலது அக்குளில் நாலு விரல் அகலத்துக்குத் தையல் விட்டிருந்தது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அவர் சதி செய்திருந்தது மூன்றாவது பட்டனில். பட்டனோ கல்லு மாதிரி அப்படியே இருந்தது.

சதி என்றால் கொலைச்சதி ஒன்றுமில்லை. டிரைவரின் மனைவி இறந்தபோது குழந்தைக்கு இரண்டு வயது. பஸ் ஓட்டுகிறவர் குழந்தையை ஸ்டியரிங்கிலா கட்டிக்கொள்ள முடியும்? பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதரான டைலர், "எங்கிட்ட விடுடா, துணியோட துணியா கிடக்கட்டும்" என்றார். கடைக்கு மேல் டைலர் குடியிருந்த இரண்டு அறைக்கு அப்பாவும் மகளும் குடிவந்தார்கள். முப்பது வருஷம் மூன்று பேருக்கும் ஒரே அடுப்பு. பாப்பா ஒருவரை அப்பா என்றாள், இன்னொருவரை டைலரப்பா என்றாள். டைலருக்குக் கல்யாணம் செய்துகொள்ளத் தோன்றவே இல்லை. குடும்பம்தான் ஏற்கெனவே இருந்ததே!

ஆறு மாதத்துக்கு முன் பாப்பா அப்பாவைக் கூட்டிக்கொண்டு லிஃப்ட் வைத்த ஃப்ளாட்டுக்குப் போனாள். டிரைவருக்கு மூட்டுவலி, மாடிப்படி ஆகாது. "நீங்களும் வாங்க டைலரப்பா" என்று கெஞ்சினாள். "கடையை யாரு பாக்கறது?" என்று இவர் வீறாப்பாகச் சொல்லிவிட்டார். கிளம்பும்போது டிரைவர், "அடிக்கடி வந்து உக்காந்துட்டுப் போறேன்டா" என்றார். டைலர் வருத்தத்தை மறைக்க எரிந்து விழுந்தார்.

"சும்மா வந்து உக்கார இதென்ன பஸ் ஸ்டாண்டா? வேலை இருந்தா வா!"

டிரைவர் ரோஷக்காரர். வரவே இல்லை.

டைலர் ஒரு ஆளுக்குச் சமைத்தார், ரேடியோவோடு சண்டை போட்டார். காலையில் பழக்கதோஷத்தில், "சீக்கிரம் வெளிய வாடா" என்று காலிக் குளியலறைக் கதவைத் தட்டுவார். தட்டிவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நிற்பார். பொறுக்க முடியாமல்தான் ஒரு சட்டை தைத்துப் பாப்பாவிடம் கொடுத்தனுப்பினார், மூன்றாவது பட்டனை மட்டும் ஒற்றை நூலில் பேருக்குக் கட்டி. பட்டன் விழும், ஆள் வருவான் என்று கணக்கு.

ஆள் வந்தாயிற்று. ஆனால் அக்குள்?

"துவைக்கறப்போ யாராவது இழுத்திருப்பாங்க" என்றார் டைலர்.

"இழுத்தா பிரியறதுக்கு அது தையலா, சிகரெட் பாக்கெட் தாளா?"

டைலர் ஊசியில் நூல் கோத்துத் தைத்தார். டிரைவர் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படித்து, உலகத்திலுள்ள எல்லாரையும் திட்டினார். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. டைலருக்கு அவ்வளவு சந்தோஷம். டிரைவர் போன கையோடு டைலர் பட்டனை நினைத்து வெட்கப்பட்டார். இனிமேல் இந்தக் கள்ளத்தனம் கூடாது என்று முடிவு கட்டினார்.

அடுத்த புதன்கிழமை சட்டைப் பை கழன்று வந்தது.

அதற்கடுத்த புதன், காலர். டைலருக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. கண் போய்விட்டதோ? புதுக் கண்ணாடி போட்டார். இரட்டைத் தையல் அடித்தார். மறுவாரம் தையல் மட்டுமில்லை, துணியும் சேர்ந்து கிழிந்திருந்தது.

"நூலு சரியில்லடா" என்றார் டிரைவர், கூரையைப் பார்த்துக்கொண்டே. கட்டைவிரலில் பிளாஸ்திரி.

"கை என்னாச்சு?"

"காய் நறுக்கினேன்."

"நீயா? காயா?"

"வேலையைப் பாருய்யா."

டைலர் செருப்பு தைக்கிற நூல் வாங்கிவந்து, அடுத்துப் பிரிந்து வந்த பேண்ட்டை மும்மடங்காகத் தைத்தார். யானை இழுத்தாலும் பிரியாது. ஒரே வாரம். டிரைவர் பின்பக்கத்தைச் சாயங்காலப் பேப்பரால் மறைத்துக்கொண்டு, சுவரோடு சுவராக நடந்து கடைக்குள் வந்தார்.

"பஸ்ஸுல ஏறினேன். டர்ருன்னுச்சு. கண்டக்டர்லேர்ந்து கைக்குழந்தை வரைக்கும் சிரிக்குது. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்டா நான்! மானம் போச்சு!"

டைலர் சிரிக்கவில்லை. "நாளைக்குத் தரேன்" என்று லுங்கியைக் கொடுத்து அனுப்பினார்.

அன்று முழுக்க யோசித்தார். தன் கைக்கு ஆயுசு முடிந்துவிட்டது. சிநேகிதனை நடுத்தெருவில் அவமானப்படுத்துகிற டைலர் ஒரு டைலரா? வேறு கடைக்குப் போகச் சொல்லிவிட வேண்டியதுதான். சொன்னால் புதன்கிழமையும் போய்விடும். பிறகு அந்தக் குளியலறைக் கதவு மட்டும்தான். அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் பேண்ட்டைத் தைத்து, அடுத்த தெரு டைலரின் விலாசத்தை ஒரு சீட்டில் எழுதிப் பையில் செருகி, காலையில் கிளம்பினார்.

ஃப்ளாட் வாசலில் வாட்ச்மேன் நோட்டை நீட்டினார்.

"யாரைப் பாக்கணும்?"

"மூணாவது மாடி. ரிட்டயர்டு டிரைவர்."

"என்ன உறவு?"

டைலர் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் இல்லை, தம்பி இல்லை, மாமன் மச்சான் இல்லை. முப்பது வருஷத்துக்கு அந்தக் கட்டத்தில் எழுத ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"ஒண்ணுமில்லப்பா. அவரோட துணி தைக்கறவன்" என்று பேண்ட்டை எடுத்துக் காட்டினார். "இதைக் குடுத்துட்டு, இனிமே வரவேணாம்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

வாட்ச்மேன் பேண்ட்டைப் பார்த்தார். டைலரைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பானது.

"அட, அந்த டைலர் நீங்கதானா! செவ்வாக்கிழமையானா போதும், பெரியவர் இந்த பெஞ்சுல உக்காந்து, கையெல்லாம் வெட்டிக்கிட்டு, பிளேடால நல்ல தையலைப் பிரிச்சுக்கிட்டிருப்பாரு சார். ஏன்யா இப்படின்னு கேட்டா, 'வீட்டுக்குப் போகணும்னா வேற வழியில்லப்பா'ங்கறாரு!"