இத்துடன் ஒரு கிரீம் டப்பா

மரியாதைக்குரிய மைத்துனருக்கு,

நலம். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். அதற்கு வேண்டிய கல்மனசு உங்களிடம் உண்டு. என் நலத்தில் நெற்றியும் கன்னங்களும் மட்டும் சேர்த்தியில்லை. ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு முகப்பரு.

சிரிக்காதீர்கள். உங்கள் பங்கையும் சேர்த்து என் அலுவலகமே சிரித்துவிட்டது. "என்ன சார், அடுத்தது மீசை முளைக்குமா?" என்றார் தபால் பிரிவு குமாஸ்தா. மேலதிகாரி என் கண்ணைப் பார்த்துப் பேசுவதை விட்டுத் தாடையோடு பேசுகிறார். ஒன்றை நகத்தால் கிள்ளினேன். அது குடும்பத்தோடு திரும்பி வந்தது. கடைசியில் தோல் டாக்டரம்மாவிடம் போனேன். காலையும் இரவும் முகம் கழுவ வேண்டும், இரவில் பட்டாணி அளவு ஜெல், பகலில் வெயிலுக்கு ஒரு கிரீம், கிள்ளக் கூடாது, மூன்று மாதம் பொறுமை என்றார். பொறுமை நம்மிடம் ஏது? பட்டாணியை எலுமிச்சையாக்கினேன். முகம் வெந்து உரிந்ததுதான் மிச்சம். "வேற எதாவது பூசுறீங்களா?" என்று போகிற போதெல்லாம் கேட்டார். இல்லை என்றே சாதித்தேன். மூன்று மாதமும் முடிந்தது, பரு முடியவில்லை. "குளியலறை அலமாரியில இருக்கிறதை எல்லாம் அள்ளிட்டு வாங்க சார்" என்றார்.

அள்ள என்ன இருந்தது? உங்கள் அக்கா கண்ணை மூடிய மறுவாரமே நீங்கள் வேனோடு வந்து, "பார்த்துப் பார்த்து அழுவீங்க அத்தான்" என்று துணிமணி, செருப்பு, சீப்பு, மூக்குக்கண்ணாடி வரை ஏற்றிவிட்டீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வேண்டாமென்று சொல்லவில்லை. அந்தக் கோபமும் உங்கள்மேல்தான். என்னுடையது என்று நினைத்து நீங்கள் விட்டுப்போனது அவளுடைய கிரீம் டப்பா ஒன்றுதான். நடுவில் அவள் விரல் இழுத்த பள்ளம் அப்படியே இருந்தது. அதைத் தொடாமல் ஓரத்திலிருந்தே எடுத்து ஆறு மாதமாகத் தினமும் பூசினேன். பூசினால், தூக்கம் வரும்வரை பக்கத்தில் அவள் வாசனை.

டாக்டரம்மா திறந்து பார்த்தார். "சார், இது காய்ஞ்ச தோலுக்கு. உங்களுக்கு எண்ணெய் வழியுது. துவாரத்தை எல்லாம் இதுதான் அடைச்சிருக்கு. தூக்கிப் போடுங்க."

"என் பொண்டாட்டியோடது."

அவர் மூடியை மெதுவாகத் திருகி, இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். "அப்ப வச்சுக்குங்க. பூசாதீங்க."

வைத்துக்கொண்டால் பூசுவேன், என் லட்சணம் எனக்குத் தெரியாதா? எல்லாவற்றையும் எடுத்துப்போன நீங்களே இதையும் எடுத்துக்கொள்ளுங்கள். இத்துடன் அனுப்பியுள்ளேன். இனி நமக்குள் ஒன்றுமில்லை.

குழந்தைகளுக்கு என் ஆசி. உங்களுக்கு, பட்டாணி அளவு அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவன்

பி.கு.: பார்சலை மூன்று முறை ஒட்டி மூன்று முறையும் பிரித்துவிட்டேன். டப்பா என்னிடமே இருக்கிறது, தேடாதே. அவள் மூக்குக்கண்ணாடி உன்னிடம்தானே இருக்கும்? தபாலில் வேண்டாம், நீயே கொண்டுவா மச்சான். முகத்தில் பூச முடியாத ஒன்று எனக்கு வேண்டும்.