குடிசைகள்: பூஜ்யம்

ஏழ்மையை ஒழிப்பது எப்படி என்று உலக நாடுகள் எல்லாம் வரிசையில் நின்று கீழமணற்குடியிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது. மற்ற ஊர்கள் ஐந்தாண்டு, பத்தாண்டு என்று திணறிக்கொண்டிருக்க, காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஊராட்சியான அது, தன் நாற்பத்து மூன்று குடிசைகளையும் ஒரே பிற்பகலில் ஒழித்தது. அரசுக்குச் செலவில்லை. டெண்டர் இல்லை. கொள்ளிடமே இறங்கி வந்து செய்துகொடுத்தது.

இந்தச் சாதனை நடந்தபோது ஊராட்சி செயலர் செம்பியன் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் உட்கார்ந்திருந்தார். கூரைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கே போவதைப் பார்த்தார். ஊர்வலம் மாதிரி ஒழுங்காகப் போயின. உயிர்ச்சேதம் இல்லை. சனங்கள் எல்லோரும் முன்பே பல்நோக்கு மையத்தின் மாடிக்கு ஏறிவிட்டார்கள்.

தண்ணீர் வடியப் பதினோரு நாளானது. பன்னிரண்டாம் நாள் குடிசைக் கணக்கெடுப்பு. தேதி ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தது; அதைத் தள்ளிப்போட வெள்ளத்துக்கு அதிகாரம் கிடையாது. கலெக்டர் ஆபீஸ் இருக்கும் மஞ்சக்குப்பத்திலிருந்து 'வாழ்விட மேம்பாட்டுப் பிரிவு' அலுவலர் ரேகா ஜீப்பில் வந்தார். திட்டம் எளிமையானது. குடிசையைப் போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும். ஏறிய குடிசைக்குக் கான்கிரீட் வீடு கிடைக்கும்.

ரேகா சேற்றில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"குடிசைங்க எங்க?"

"போயிடுச்சு மேடம்" என்றார் செம்பியன்.

"எங்க போச்சு?"

"இந்நேரம் பிச்சாவரம் தாண்டியிருக்கும்."

"ஆப்ல 'போயிடுச்சு'ன்னு ஒரு கட்டம் இல்லியே. இருக்கு, இல்ல. ரெண்டுதான்."

"அப்படிப் பாத்தா... இல்லதான் மேடம்."

"சனங்க இப்ப எங்க இருக்காங்க?"

"பல்நோக்கு மையத்துல."

"கான்கிரீட்டா?"

"கான்கிரீட்தான்."

ரேகா பதிந்தார். குடிசைகள்: பூஜ்யம். கான்கிரீட் கட்டடத்தில் வசிக்கும் குடும்பங்கள்: நாற்பத்து மூன்று. ஆப் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் பச்சை நிறத்தில் பாராட்டியது.

மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. கீழமணற்குடி 'முதல் குடிசையற்ற ஊராட்சி' ஆகத் தேர்வாகியிருந்தது. வியாழக்கிழமை மஞ்சக்குப்பம் மைதானத்தில் கேடயம். அதற்குமுன் பல்நோக்கு மையத்தைக் காலிசெய்து வெள்ளையடிக்க வேண்டும். விழா மலருக்குப் படம் எடுப்பார்கள். பாதிப் பேர் லால்பேட்டையிலும் சிதம்பரத்திலும் வாடகைக்குப் போனார்கள். மீதிப் பேர் கரைமேல் தார்ப்பாய் கட்டிக்கொண்டார்கள். தார்ப்பாய்க்குக் கூரை என்ற தகுதி கிடையாது. ஆகவே பூஜ்யத்துக்கு ஆபத்தில்லை.

ஆபத்து ஜெயராணி வடிவில் வந்தது.

ஜெயராணி நடவு வேலைக்குப் போகிறவர். புருஷன் இல்லை. மகள் ஜான்சி சிதம்பரத்தில் நர்சிங் படிக்கிறாள். குடிசை இருந்தால்தான் வீடு என்று அந்த அம்மாள் யாரிடமோ சரியாகக் கேட்டுக்கொண்டார். கேட்டதோடு நிற்கவில்லை. சவுக்குக் கம்பு நட்டு, கீத்து வாங்கி, நாலே நாளில் ஒரு குடிசை போட்டுவிட்டார். செம்பியனுக்கு ஆளும் அனுப்பினார்.

செம்பியன் போய்ப் பார்த்தார். நல்ல குடிசை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"வா தம்பி. போட்டோ எடு" என்றார் ஜெயராணி. முகம் கழுவி, பவுடர் போட்டு, வாசலில் நின்றுகொண்டார்.

"யக்கா, இப்பப் போயி இத ஏன் கட்டுன?"

"குடிசை இல்லாததால வீடு இல்லைன்னாங்க. கட்டிட்டேன். எடு."

"கொஞ்சம் இரு யக்கா." செம்பியன் வேலியோரம் போய் ரேகாவுக்குப் போன் செய்தார். "மேடம், ஒரு குடிசை மொளைச்சிடுச்சு."

"எப்ப?"

"முந்தாநாளு."

"என்ன செம்பியன், கேடயத்துல ஊர் பேரு அடிச்சாச்சு!"

"பிரிக்கச் சொல்லட்டுமா?"

"ஐயோ, வேணாம். பேப்பர்காரன் வந்துடுவான். அது குடிசை இல்லைன்னு எழுதிடுங்க."

"குடிசை இல்லாம அது வேற என்னா மேடம்?"

"அத உங்க லெவல்ல முடிவு பண்ணுங்க."

அதிகாரப் பரவலாக்கம் என்பது இதுதான். ஒரு மாநிலத்தின் கொள்கை முடிவு, கீழமணற்குடி வேலியோரம், ஒரு செயலரின் கையில் வந்து விழுந்தது. செம்பியன் பொறுப்பை உணர்ந்தார். பதிவேட்டைப் புரட்டினார். கூரை வேய்ந்த பொருள்களில் குடிசை அல்லாதவை மூன்று: வைக்கோல் போர், டீக்கடைப் பந்தல், மாட்டுக் கொட்டகை. மூன்றாவதற்கு ஒரு திட்டமே இருந்தது. செம்பியன் கெட்டவர் அல்ல. அவருக்கு முகம் மலர்ந்தது.

"யக்கா, வீடுதான் வராது. கொட்டாய் வரும். இத மாட்டுக் கொட்டாய்னு எழுதுனா சிமென்ட்டுல கட்டித் தருவாங்க. கேக்குறியா?" அவர் சுற்றறிக்கையை வாசித்தார். "'தரை ஈரமாக இருத்தல் கூடாது. வெள்ள மட்டத்துக்கு மூன்றடி மேலே அமைய வேண்டும். காற்றோட்டம் கட்டாயம். கழிவு வெளியேறத் தனி வாய்க்கால். கோடையில் வெப்பத்தால் மன உளைச்சல் ஏற்படாவண்ணம் கூரை.'"

ஜெயராணி கடைசிவரை கேட்டார்.

"இத எழுதுனது ரொம்ப நல்ல மனுசனா இருக்கணும் தம்பி. நமக்கு எழுதுறவரு வேற ஆளா?"

"அது வேற டிபார்ட்மென்ட்டு."

"சரி, எழுது. மழ வரதுக்குள்ள சிமென்ட்டுத் தர வந்தாப் போதும்."

செம்பியன் செல்போனில் படிவத்தைத் திறந்தார். "மாடு எத்தன?"

ஜெயராணியிடம் மாடு இல்லை. ஒரு கோழி இருந்தது. அதுவும் பிச்சாவரம் பக்கம்தான். கொடியில் ஜான்சியின் வெள்ளைச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. ஜெயராணி அதைப் பார்த்தார்.

"ரெண்டுன்னு போடு."

"யக்கா..."

"போடுய்யா. ஒன்னு வயசானது, முட்டி வலி ஜாஸ்தி. இன்னொன்னு நர்சிங் ரெண்டாம் வருஷம்."

செம்பியன் சிரிக்கப் பார்த்தார். ஜெயராணி சிரிக்கவில்லை. செம்பியன் இரண்டு என்று போட்டார்.

"காது வில்லை நம்பர் கேக்குது யக்கா. மாட்டுக்குக் காதுல மஞ்சளா மாட்டுவாங்களே, அது. நம்பர் இல்லாம உள்ள போவாது."

"எத்தன நம்பரு?"

"பன்னெண்டு."

ஜெயராணி குனிந்து உள்ளே போனார். பாலிதீன் பையில் சுற்றி, வெள்ளத்திலிருந்து தலையில் வைத்துக் காப்பாற்றிய இரண்டு ஆதார் அட்டைகளை எடுத்துவந்தார்.

"எண்ணிப் பாரு. சரியா இருக்கும்."

செம்பியன் எண்ணினார். பிறகு இரண்டு அட்டை எண்ணையும் மெதுவாக அடித்தார். பன்னிரண்டு கட்டம், பன்னிரண்டு எண். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. ஆப் சுற்றிச் சுற்றி யோசித்தது. ஜெயராணி அட்டைகளை மறுபடி பையில் சுற்றும்வரை யோசித்தது. பிறகு 'தகுதி உள்ளது' என்றது. ஏழு வருடமாக வீடு கேட்டு மனு கொடுத்துவரும் ஜெயராணியைப் பார்த்து அரசு அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

"தர எப்ப வரும்?" என்றார் ஜெயராணி.

"ஒரு மாசத்துல, யக்கா. மாட்டுக்குன்னா லேட் பண்ண மாட்டாங்க."

வியாழக்கிழமை மைதானத்தில் நல்ல கூட்டம். செம்பியன் மேடையேறிக் கேடயத்தை வாங்கிக்கொண்டார். "கீழமணற்குடியில் இன்று குடிசையில் வாழும் மனிதர் ஒருவர்கூட இல்லை" என்று ஒலிபெருக்கி அறிவித்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

செம்பியன் மனதுக்குள் பதிவேட்டைச் சரிபார்த்தார். அறிவித்ததில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.