மாப்பிள்ளை இழுத்த ஹேண்ட்பிரேக்

யொகொதே, ஜனவரி 9

மரியாதைக்குரிய மாப்பிள்ளை யசுஹிதே அவர்களுக்கு, மாமனார் தொகுசோ எழுதிக்கொள்வது. இங்கே பனி ஜன்னல் வரை ஏறிவிட்டது. கூரைப் பனியை இரண்டு முறை வழித்தாயிற்று. டோக்கியோவில் வெயிலடிக்கும், நீங்களும் என் மகள் மினோரியும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே சௌக்கியம் இல்லை. அதற்குக் காரணம் நீங்கள்.

வருஷக் கடைசித் துப்புரவுக்கு உங்களிடம் ஜன்னல் துடைக்கும் வேலையைத்தான் கொடுத்தேன். அதோடு நிற்காமல் என் காரைக் கழுவி, முகப்பில் புத்தாண்டு வைக்கோல் மாலையும் கட்டி, ஈரம் சொட்டச் சொட்ட ஹேண்ட்பிரேக்கை முழு பலத்தோடு இழுத்து வைத்துவிட்டு ரயிலேறினீர்கள். குளிர்காலத்தில் இந்த ஊரில் ஹேண்ட்பிரேக்கை எவனும் தொடமாட்டான். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைப்போம். ஈரத்தோடு இழுத்து வைத்தால் பிரேக் பேடு சக்கரத்து டிஸ்க்கோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். உங்களுக்கு எப்படித் தெரியும்? லைசென்ஸ் வாங்கிப் பதினாறு வருஷம், ஒரு நாளும் ஓட்டியதில்லை. ஓட்டாதவன் தப்பே செய்யவில்லை என்று அதற்குத் தங்கப் பட்டை வேறு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்றாம் தேதி நானும் உங்கள் அத்தையும் கோயிலுக்குக் கிளம்பினோம். ஹேண்ட்பிரேக்கை விடுவித்தேன், வண்டி முனகிக்கொண்டே நகர்ந்தது, பாலம் தாண்டியதும் கருகல் வாசனை வந்தது. "யாரோ அரிசி மோச்சி சுடறாங்க" என்று அத்தை சொன்னாள், நானும் நம்பினேன். கோயில் வாசலில் போய் நின்றால் சக்கரத்திலிருந்து புகை. வரிசையில் நின்ற ஊரே திரும்பிப் பார்த்தது. மீன்கடை ஒகாபே பக்கத்திலிருப்பவரிடம், "பாவம், வயசாயிடுச்சுல்ல. ஹேண்ட்பிரேக்க எடுக்காமலே ஓட்டிக்கிட்டு வந்திருக்காரு" என்றார், என் காதில் விழும்படி. சாயங்காலமே மினோரி போன். "அப்பா, எழுபத்தெட்டு ஆச்சு. லைசென்ஸ திருப்பிக் குடுத்துடுங்க. பஸ்ஸுல போகலாம்." பஸ் ஒரு நாளைக்கு மூன்று முறைதான் வருகிறது மாப்பிள்ளை. கார் போய்விட்டால் நான் வாசலைப் பார்த்துக்கொண்டே சாக வேண்டியதுதான்.

நாற்பது வருஷமாக என் வண்டியின் பிரேக் இறுகியதில்லை. ஏன்? ஒவ்வொரு இலையுதிர்காலமும் நானே சக்கரத்தைக் கழற்றி, துருவைத் தேய்த்து, பேடைத் தாங்குகிற பகுதி நகரும் கம்பிகளைத் துடைத்து வழவழப்பாக்கி வைப்பேன். இந்த வருஷம் கிரீஸ் தீர்ந்துபோயிருந்தும் வேலையை விடவில்லை, வீட்டில் இருந்ததை வைத்தே முடித்தேன். கை அழுக்காகாமல் கணினியைத் தட்டுகிறவருக்கு இதெல்லாம் விளங்குமா?

ஆகவே, குற்றம் உங்களுடையது என்று மினோரிக்கு உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள். நியாயம் என்ன தெரியுமா? யார் தப்பால் பிரேக் பிடித்துக்கொண்டதோ அவர் லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கட்டும்.

கோபத்திலும் மனதார வாழ்த்துகிறேன். மார்பில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புள்ள மாமனார்,
தொகுசோ

பி.கு.: ஒட்டிய உறையை ஆவியில் காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன். மெக்கானிக் நொசாவாவிடமிருந்து வண்டி வந்துவிட்டது. ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களையாம். அவற்றில் ஒரு பழுதும் இல்லையாம். புகைந்தது முன் சக்கரம். கம்பியைக் காட்டி, "இதுல தையல் மிஷின் எண்ணெய ஊத்துனது யாருங்க? ரப்பர் உறை ஊதிப்போய் கம்பியக் கவ்விக்கிச்சு, அப்புறம் பேடு எப்படி விலகும்?" என்று கேட்டார். "டோக்கியோ மாப்பிள்ளை" என்றேன். உங்கள் அத்தை பக்கத்தில்தான் நின்றாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த தன் தையல் மிஷின் எண்ணெய்ப் புட்டியை என் கருவிப் பெட்டியிலிருந்து எடுத்து, சாப்பாட்டு மேசையில் என் லைசென்ஸுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். ஆகையால் மினோரிக்கு எழுதும்போது ஹேண்ட்பிரேக் பேச்சை விட்டுவிடுங்கள். "எண்ணெய் ஊற்றியது நான்தான்" என்று மட்டும் எழுதி, கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். தப்பு செய்தவர் லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கட்டும் என்று மேலே நான் எழுதிய வரியையும் மாற்ற வேண்டியதில்லை. உங்களுடையது எப்படியும் சும்மாதானே கிடக்கிறது.