தேத்தண்ணி மரைக்காயரும் என் நெற்றிச் சுருக்கமும்

மாவ்பியிலிருந்து ரங்கூனுக்கு ரயில் தண்டவாளத்தின் ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்தேன். நான் வேலை பார்த்த செங்கல் சூளையின் முதலாளி ஒரு நாள் காலையில் காணாமல் போனார். அவர் போன பிறகு அங்கே தின்பதற்குச் செங்கலைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஆகவே நடந்தேன்.

கவர்னருக்கே பயப்படாத ரங்கூன் அச்சாபீஸ் முதலாளிகள், ஒரே ஒரு மனிதர் கையில் தேநீர்க் கோப்பையோடு வாசலில் நின்றால் பின்கதவு வழியாக ஓடிவிடுவார்கள். அந்த மனிதரை நோக்கித்தான் நடக்கிறேன் என்று எனக்கு அப்போது தெரியாது. சோறு இருக்கும் திசையை நோக்கி நடப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரங்கூனில் லான்மடாப் பேட்டையில் ஒரு தேநீர்க் கடைத் தூணில் சாய்ந்து நின்றேன். வாசனைக்கு யாரும் காசு கேட்பதில்லை. எதிரே, வெள்ளைத் தொப்பியும் கட்டம் போட்ட கைலியுமாக ஒருவர் உட்கார்ந்து, அழகான வண்ணப் படம் அச்சிட்ட காகிதம் ஒன்றைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தார். ரொட்டியை முக்குகிற மாதிரி நிதானமாக முக்கினார்.

"என்ன தம்பி பாக்குறே?"

"நல்ல தேத்தண்ணி வீணாப் போகுதேன்னு பாக்குறேன்."

"வீணா? ஒரு அச்சாபீஸைச் சோதிச்சுக்கிட்டு இருக்கேன். பாரு, சிவப்பு முழுக்க எறங்கிருச்சு. கட்டடம் மூணு மாடி. மசி ஒரு கோப்பைக்குத் தாங்கல." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தவர் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, அந்த மூஞ்சியை அப்படியே வச்சிரு."

"எந்த மூஞ்சி?"

"இப்ப இருக்கே, அது. தலைவலியா?"

"பசி."

"பாக்குறதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீ என்கூட வா."

இப்படித்தான் நான் தேத்தண்ணி மரைக்காயரிடம் சேர்ந்தேன். சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். அவருடைய ஊர்க்காரர்கள் 'காக்கா' என்பார்கள், அண்ணன் என்று அர்த்தம். மற்ற எல்லோருக்கும் அவர் தேத்தண்ணி மரைக்காயர். எனக்கு முதலாளி.

தேத்தண்ணிக்கு ஒரு காரணம் இருந்தது. முந்தைய மழைக்காலத்தில் அவருடைய மருந்துக் கடையில் பன்னீர், ஓமத்திரவம், இருமல் மருந்து மூன்றும் ஒரே மாதிரி பாட்டிலில் இருந்தன. ரங்கூன் மழை தெருவில் பெய்தால் போதாது என்று கடைக்குள்ளும் பெய்யும். லேபிள்கள் எல்லாம் கரைந்துபோயின. அதற்குப் பிறகு ஒரு பெரிய இடத்துக் கல்யாணத்தில் விருந்தாளிகள் மேல் இருமல் மருந்தைத் தெளித்தார்கள். இருமல்காரர் ஒருவர் பன்னீரைக் குடித்துவிட்டு, இருமல் போகவில்லை, ஆனால் இருமல் மணக்கிறது என்று வந்து நின்றார். இந்தச் செய்தி கப்பலேறி மரைக்காயரின் ஊர் வரை போயிற்று. கடையில் பங்காளியான அவருடைய மச்சான், தானே புறப்பட்டு வருவதாகச் சொல்லி அனுப்பினார். புதிதாகக் காய்ச்சிய தலைவலித் தைலமும் விற்காமல் கிடந்தால், கடையைப் பூட்டிவிட்டு மரைக்காயரைக் கையோடு ஊருக்கு அழைத்துப் போய்விடுவது என்று முடிவு.

"ஊருக்குப் போனா என்ன முதலாளி?" என்று கேட்டேன்.

"அங்கே மச்சானுக்கு உப்பு வியாபாரம். உப்புக்கு லேபிள் கிடையாது தம்பி" என்றார். தூக்குத் தண்டனையைச் சொல்கிற குரலில்தான் சொன்னார்.

ஆகவே எங்களுக்கு வேண்டியது ஒரு நல்ல அச்சாபீஸ். முதலில் துரைமார் நடத்திய பெரிய அச்சகத்துக்குப் போனோம். அங்கே கோட்டுப் போட்ட குமாஸ்தா ஒருவர் மாதிரிகளைப் பட்டுத் துணியில் வைத்துக் கொண்டுவந்தார். மரைக்காயர் எதிர்க்கடையிலிருந்து தேநீர் வரவழைத்தார். உபசாரம் என்று நினைத்து குமாஸ்தா கையை நீட்டினார். மரைக்காயர் கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, இங்கிலாந்து அரண்மனை ஒன்றின் படத்தை அதில் இறக்கினார். அரண்மனை கரைந்தது. எங்களைக் கைப்பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்கள்.

அடுத்தது ஒரு தமிழ் அச்சகம். அதன் முதலாளியே ஒரு வாரப் பத்திரிகைக்கும் ஆசிரியர். பர்மாத் தமிழரின் முன்னேற்றத்தைப் பற்றி எங்களை உட்காரவைத்துப் பேசினார். நாங்கள் முன்னேறாமல் மதியம் வரை உட்கார்ந்திருந்தோம். அவரிடம் இருந்த படக்கட்டை ஒன்றே ஒன்று: குடை பிடித்த ஒரு பெண். கல்யாணப் பத்திரிகைக்கும் அவள்தான், கருமாதி அறிவிப்புக்கும் அவள்தான், முனிசிபல் தேர்தலுக்கும் அவள்தான்.

"தலைவலிக்கும் இந்த அம்மாவையே போடலாங்க. வெயில்ல நிக்கிறா பாருங்க, தலை வலிக்காம இருக்குமா?" என்றார்.

மரைக்காயர் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் யோசித்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு குடைக்காரியைத் தேநீரில் விட்டார். அவள் தாங்கினாள், குடை தாங்கவில்லை.

கடைசியாக, டாவ் மியா என்கிற பர்மிய அம்மாளின் கல் அச்சகம். அந்த அம்மாள் வாயில் சுருட்டோடு, வழவழப்பான கல்லின் மேல் தானே படம் வரைவார். நிறத்துக்கு ஒரு கல். மஞ்சள், சிவப்பு, நீலம் என்று ஒன்றன் மேல் ஒன்றாக அடித்து, கடைசியில் கறுப்புக் கல்லை வைத்துக் கண், மூக்கு, கோடுகளை எடுப்பார். மரைக்காயர் மாதிரியைத் தேநீரில் முக்கியபோது டாவ் மியா தடுக்கவில்லை. மாதிரி சிரித்துக்கொண்டு வெளியே வந்தது. டாவ் மியா கேட்டது ஒன்றுதான்: "சாயபு, தேத்தண்ணிக்கு யார் காசு கொடுக்கும்?"

மரைக்காயர் தான் தயாரித்து வைத்திருந்த படத்தைத் தரையில் விரித்தார். அது ஒரு படுக்கை விரிப்பு அளவு இருந்தது. அதில் கப்பல், பிறை, மயில், பயா என்கிற புத்தர் கோயிலின் தங்கக் கூரை, அவருடைய கடை, கடை வாசலில் அவர், மூன்று மொழிகளில் தைலத்தின் குணங்கள், ஓர் ஓரத்தில் தலைவலிக்காரன் ஒருவன்.

"இதை அப்படியே சின்னதாக்கிப் போட்டுருங்க" என்றார்.

டாவ் மியா தைல பாட்டில் ஒன்றை எடுத்து விரிப்பின் மேல் வைத்தார். பாட்டில் கட்டைவிரல் அளவு. "நீ சொல்றது எல்லாம் போட பீப்பாய் வேணும் சாயபு" என்றார். கத்தரிக்கோலால் பாட்டில் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டினார். வெட்டின துண்டில் தலைவலிக்காரனின் முகம் மட்டும் இருந்தது. மயிலும் கப்பலும் பிழைப்புக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டன.

அந்த முகத்துக்கு நான் உட்கார வேண்டும். அங்கேதான் சிக்கல். மரைக்காயரிடம் சேர்ந்ததிலிருந்து தினமும் காலையில் மொஹிங்கா நூடுல்ஸ், மதியம் மீன் குழம்புச் சோறு. என் நெற்றி வழவழவென்று ஆகிவிட்டது. டாவ் மியா பென்சிலைக் கீழே வைத்தார்.

"இவனுக்குத் தலைவலி இல்ல. கல்யாண மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கு."

"சோறு போட்டா மூஞ்சி கெட்டுப்போகுது" என்று மரைக்காயர் ஒப்புக்கொண்டார்.

"அப்போ சோறு போடாதே."

மரைக்காயர் என்னைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். "அது மட்டும் முடியாது" என்றார். எனக்கு முதலாளிகள் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள். அதை முடியாது என்று சொன்ன முதலாளி இவர் ஒருவர்தான். ஒரு தட்டு சோறு வாங்கிக் கொடுத்து, நான் சாப்பிட்டு முடித்ததும் எதிரே உட்கார்ந்து அச்சு மசியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஆளி எண்ணெய் மசி, ஜெர்மன் மசி, மழைக்காலத்தில் காகிதம் எப்படி நீளும், எப்படிச் சுருங்கும். அவர் காகிதத்தின் சுருக்கத்துக்கு வந்தபோது என் நெற்றிக்கும் வந்துவிட்டது. டாவ் மியா அவசரமாக வரைந்துகொண்டார். மூன்று கோடு, புருவத்துக்கு நடுவே ஒரு முடிச்சு. ஊரில் என்னைப் பெற்றவள்கூட அவ்வளவு உண்மையாக என்னைப் பார்த்ததில்லை.

மச்சானின் கப்பல் நெருங்கிவிட்டது. மூன்று நிறமும் அடித்துக் காய்ந்தாயிற்று. கறுப்பு மட்டும் பாக்கி. அன்று மதியம் டாவ் மியா சாப்பிட உள்ளே போனார். மரைக்காயர் சுற்றும் முற்றும் பார்த்தார். மடியிலிருந்து ஒரு பாட்டில் தைலத்தை எடுத்துக் கறுப்பு மசி டப்பாவில் கவிழ்த்து, குச்சியால் கலக்கினார்.

"முதலாளி, என்ன செய்யறீங்க?"

"லேபிளும் மணக்கட்டும் தம்பி. கண்ணு தெரியாதவங்களும் வாங்குவாங்கல்ல?"

லேபிள் மணந்தது. தேநீரிலும் தாங்கியது. மரைக்காயர் கடைசியாகச் சோதித்த அந்தக் கோப்பையைத் தானே குடித்தார். அவ்வளவு சந்தோஷம். பாட்டில்களில் ஒட்டி, கடை முகப்பில் அடுக்கினோம். மறுநாள் மச்சான் வருகிறார்.

ஊரில் இருக்கிற தேத்தண்ணியிலெல்லாம் முக்கிப் பார்த்த மனிதர், ஒன்றில் மட்டும் முக்கிப் பார்க்கவில்லை. அது பாட்டிலுக்கு உள்ளேயே இருந்தது.

காலையில் கடையைத் திறந்ததும் நான்தான் பார்த்தேன். தக்கை வழியாகத் தைலம் கசிந்த பாட்டில்களில் எல்லாம் என் நெற்றிக் கோடு காணாமல் போயிருந்தது. தைலம் கலந்த கறுப்பு, தைலம் பட்டதும் கரைந்துவிட்டது. அடியில் காய்ந்திருந்த மஞ்சளும் சிவப்பும் அசையவில்லை. மரைக்காயர் ஒரு பாட்டிலை எடுத்து விரலால் துடைத்தார். மீதி நெற்றிக் கோடுகளும் விரலோடு வந்தன. அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உப்புதான் தம்பி" என்றார். "இனிமே உப்புதான்."

அந்த நேரம் பார்த்து ஒரு ரிக்‌ஷாக்காரர் வந்தார். தெலுங்கர். வெயிலில் மண்டை பிளக்கிறது என்றார். பாட்டிலைத் திறந்து நெற்றியில் தடவிக்கொண்டு, விரலில் மிச்சமிருந்ததைப் படத்தின் நெற்றி மேல் துடைத்தார். பிறகு படத்தை உற்றுப் பார்த்தார்.

"பாய், இவனுக்குத் தலைவலி போயிருச்சு" என்றார்.

நாங்கள் இருவரும் எழுந்து பார்த்தோம். படத்தில் இருந்தவன் மீன் குழம்புச் சோறு சாப்பிட்டவன் மாதிரி நிம்மதியாக இருந்தான். ரிக்‌ஷாக்காரர் இன்னொரு பாட்டில் எடுத்தார், அதையும் தடவினார். போயிற்று. அடுத்த கடை மீன்காரம்மா வந்து தடவிப் பார்த்தார். கூட்டம் சேர்ந்தது. என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்த ஒருவர், குணமான ஆசாமியே கடையில் இருக்கிறார் என்று சத்தம் போட்டுச் சொன்னார். பிறகு யாராலும் தடுக்க முடியவில்லை. என் நெற்றியை வந்து தொட்டும் பார்த்தார்கள்.

மச்சான் வந்தபோது அலமாரி காலி. பெரிய டிரங்குப் பெட்டியோடு வாசலில் நின்று, "காக்கா, சரக்கை எங்கே ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்றார்.

"வித்துப்போச்சு மச்சான்."

மச்சான் நம்பவில்லை. மீன்காரம்மாவிடம் போய் விசாரித்துவிட்டு வந்து பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "ஒரு தரம் யாரு வேணும்னாலும் விப்பாங்க. இதே மாதிரி இன்னொரு தரம் வித்துக் காட்டுங்க. அடுத்த கப்பல்ல நான் தனியாப் போறேனா, உங்களோட போறேனான்னு அப்ப பாப்போம்."

இனிமேல்தான் ரங்கூன் அச்சுத் தொழிலுக்குக் கெட்ட காலம். இதுவரை கரையாத மசி கேட்டு அலைந்த மரைக்காயர், இப்போது கரைகிற மசி கேட்டு அலைந்தார். டாவ் மியாவிடம் போனதும் அந்த அம்மாள் மசி தடவுகிற ஒரு தோல் உருளையைத் தூக்கிக் காட்டினார். தைலம் ஏறி அது வெந்த கத்தரிக்காய் போல் இருந்தது. "என் மசியில இனி கை வச்சா, உன்னைக் கல்லில வச்சு அடிக்கும்" என்றார். தமிழ் ஆசிரியர், தமிழன் கரையக் கூடாது என்று ஒரு தலையங்கத்துக்கு உண்டான அளவு பேசினார். துரை அச்சகத்தில் எங்களை அடையாளம் கண்டு கேட்டைச் சாத்தினார்கள். ஏதாவது ஒரு மாதிரி கிடைத்தால் மரைக்காயர் தைலத்தில் முக்குவார். அது கரையாது. "சனியன், நல்லா அடிச்சிருக்கான்" என்று தெருவில் எறிவார்.

மழை பிடித்துக்கொண்டது. எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ஓர் ஊரில் ஒரு பருவம் இருந்தால் என் கால்கள் தாமாக வாசலைப் பார்க்கும். மோல்மேன் பக்கம் ரப்பர் தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வி. சொல்லிக்கொள்ளலாம் என்று சாயங்காலம் போனால், மரைக்காயர் டாவ் மியாவின் அச்சகத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"மூணு நிறம் போட்ட காகிதம் போன தடவை அடிச்சதுல மிச்சம் இருக்கு" என்று டாவ் மியா சொல்லிக்கொண்டிருந்தார். "கறுப்புல உதடும் கண்ணும் மூக்கும் இன்னிக்கு ராத்திரியே போட்டு அனுப்பும். சுருக்கத்தை நீ கையால போட்டுக்கோ. விளக்குக் கரியில உன் தைலத்தைக் குழைச்சா ஆச்சு."

"ஒவ்வொரு பாட்டிலுக்குமா? யார் வரையறது?"

டாவ் மியா சுருட்டை வாயிலிருந்து எடுத்து என்னைச் சுட்டிக் காட்டினார். "மூஞ்சி இவனோடது. சுருக்கம் எங்கே இருக்குன்னு இவனுக்குத் தெரியாதா?"

நான் மோல்மேன் கப்பலைப் பற்றிச் சொன்னேன். மரைக்காயர் குடையைத் தேடாமல் எழுந்தார். மழையில் நனைந்துகொண்டே கடை வரை நடந்தோம். உள்ளே போய் வாழையிலையில் கட்டின சோறும், மிச்சமிருந்த ஒரு தைல பாட்டிலும் கொண்டுவந்து என் மூட்டையில் வைத்தார். "கப்பல்ல காத்து ஜாஸ்தி. தலை வலிச்சா தடவிக்க" என்றார். இருக்கிறாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் படகுத் துறைக் கிடங்கில் படுத்தேன். சோற்றை விடியுமுன்பே தின்றுவிட்டேன். பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். அது முதல் தடவை அடித்ததில் ஒன்று. தைலம் படாமல் மூன்று கோடும் முடிச்சும் அப்படியே இருந்தன. கப்பல் சங்கு ஊதியது. நான் எழுந்து லான்மடாவில் இருந்த எங்கள் கடைக்கு நடந்தேன்.

கடையில் மச்சான் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். டாவ் மியா அனுப்பிய புது லேபிள்கள் பாட்டில்களில் ஒட்டி, சுருக்கமில்லாமல் வரிசையாக நின்றன. மரைக்காயர் ஒரு மெல்லிய தூரிகையை வைத்துக்கொண்டு போராடிக்கொண்டிருந்தார். அவர் வரைந்தவனுக்குத் தலைவலி இல்லை, மீசை இருந்தது. நான் மூட்டையை ஓரமாக வைத்துவிட்டுத் தூரிகையை வாங்கினேன். மூன்று கோடு, நடுவே ஒரு முடிச்சு. பார்க்காமலே வந்தது.

மரைக்காயர் ஒரு சொட்டுத் தைலத்தை விரலில் தொட்டு அதன் மேல் தடவினார். போயிற்று. மச்சான் நெருங்கி வந்து இன்னொன்றைத் தானே தடவிப் பார்த்தார். பிறகு டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒற்றை ஆளாகப் போக அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டுவர வெளியே போனார்.

மரைக்காயர் துடைத்த பாட்டிலைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

"தலைவலி போச்சா தம்பி?" என்றார்.

"போச்சு காக்கா" என்று சொல்லிவிட்டு, அடுத்த பாட்டிலை எடுத்தேன்.