பிரிலெப்பில் பட்டினி கிடக்காமல் இருக்க

மால்மோவில் கீரையும் காற்றும் உண்டு வாழும் மதிப்பிற்குரிய பிசெர்கா அக்காவுக்கு, நம்மூர் பிரிலெப்பிலிருந்து தம்பி ரிஸ்டே பணிவோடு (சிரிக்காதே) எழுதுவது. இங்கே மிச்சமிருப்பவர்கள் நலம்.

அப்பாவின் நாற்பதாம் நாளுக்கு வரமாட்டேன் என்று நேற்று போனில் சொன்னாயாம். "வந்து அங்க நான் என்னத்தம்மா சாப்பிடுவேன்?" என்று கேட்டாயாம். அம்மா போனை வைத்துவிட்டு அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா இறந்த மறுநாளே அடக்கம் முடிந்துவிட்டதால் அதற்கும் உன்னால் வந்துசேர முடியவில்லை. இதற்கும் நீ இல்லையென்றால் கல்லறையில் அம்மாவுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் பண்டே சித்தப்பா. சாய்ந்து அழ ஒரு உருப்படியான தோள்கூட இருக்காது. ஆகவே உன் சாப்பாட்டுச் சாக்கை இப்போதே உடைக்கிறேன்.

முதலில், எந்தக் கடையிலும் கறி சாப்பிடமாட்டேன் என்று சொல்லாதே. "பரவால்லம்மா, கோழி தரேன்" என்பார்கள். கோழியும் வேண்டாமென்றால் "ஒடம்புக்கு என்ன?" என்பார்கள். விரதம் என்று சொல். சைவம் என்றால் நோய், விரதம் என்றால் மரியாதை. சுட்ட மிளகாய், முட்டைக்கோஸ், மொச்சை எல்லாம் தானாக வரும். சில விரத நாட்களில் மீனுக்கு அனுமதி உண்டு, அதனால் தட்டிலிருந்து ஏதாவது உன்னை முறைத்தால் திருப்பி அனுப்பிவிடு. மண்சட்டி மொச்சையை மணிக்கூண்டுப் பக்கத்துக் கடையில் வாங்காதே, அடியில் உப்புக்கண்ட விலா எலும்பு ஒளிந்திருக்கும். சந்தைக்குப் பின்னால் உள்ள கடை வெள்ளிக்கிழமை மட்டும் சுத்தம். கீரை வைத்து மடித்துச் சுடும் ஸெல்னிக் ரொட்டியைக்கூட நம்பாதே, மடிப்புக்கு மடிப்பு பன்றிக்கொழுப்பு தடவுகிறார்கள். பஸ் நிலையத்து பேக்கரிக்காரி மட்டும்தான் எண்ணெய் தடவுகிறாள்.

பெரிய ஆபத்து கல்லறையில். இறந்தவரின் ஆத்மாவுக்கென்று நீட்டுவதை மறுக்கக் கூடாது, உனக்கே தெரியும். "என் அடுப்புல சுட்டதத் தின்னாதவ என் மகளே இல்ல" என்று அப்பா கத்தி, நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்று, நடுவில் உட்கார்ந்து உங்கள் இருவர் தட்டையும் காலி செய்த அதே பண்டே சித்தப்பா கெபாப் பொட்டலத்தோடு வருவார். "உங்கப்பன் ஆத்மாவுக்குன்னாக்கூட தின்னமாட்டியாடி?" என்பார். நீ "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்லி வாங்கி, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோ. அங்கே என் வாய் இருக்கும்.

மால்மோவின் குளிர் உன்னை விட்டுவைக்கட்டும், ஏதாவதொரு விமானம் உன்னை ஏற்றிக்கொள்ளட்டும். அம்மா முத்தம் அனுப்புகிறாள். அதில் பாதியை நான் எடுத்துக்கொண்டேன்.

உன் தம்பி,
ரிஸ்டே

பி.கு.: மேலே உள்ள எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. மொச்சையில் எலும்பு கிடந்தால் எனக்குக் கொண்டாட்டம். குளிர்காலத்தில் டாக்டர் அப்பாவுக்குக் கறியை நிறுத்திவிட்டார். பகலெல்லாம் ஊருக்குக் கெபாப் சுட்டுப் போட்டுவிட்டு, தெருத்தெருவாகப் போய் ஒவ்வொரு சட்டியையும் கிளறி, "இதுல எலும்பு போட்டியாடா?" என்று சண்டை பிடித்தது அவர்தான். ஒருநாள் மொச்சையை மறுபடி போட்டுக்கொண்டு, "இதத்தான் அவ தின்னுட்டிருந்தாளா? நல்லாத்தானடா இருக்கு" என்றார். உனக்குப் போன் போடவா என்று கேட்டேன். "மூச்சு விடாத. ஜெயிச்சுட்டோம்னு நெனச்சுக்குவா" என்றார்.

ஜெயித்துவிட்டாய் அக்கா. வந்து அவரிடமே சொல்லிவிட்டுப் போ.