மூணு ஓம்

பதினோராவது சுற்றில் கம்பி மறுபடியும் அறுந்தது.

டெஸ்வின் கடிகாரத்தைப் பார்த்தான். பத்தே முக்கால். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வெயிலில் கடைக் கண்ணாடி தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. உள்ளங்கை வியர்ப்பதற்கு அதுதான் காரணம் என்று அவன் சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்பிங்டனிலிருந்து ரோனெல் நேற்று அனுப்பிய குரல்செய்தியை ஏழாவது தடவையாகப் போட்டுக் கேட்டான். பாதி காற்று, மீதி அவள்.

"டெஸ்வின், நாளைக்குப் பதினோரு மணி. மூணு ஓம். நல்லா கவனிச்சுக்கோ. இதுல சொதப்பினேன்னா நம்ம கல்யாணத்த மறந்துடு."

அதோடு ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போய் போனை அணைத்துவிட்டாள்.

வேப் என்கிற மின்சிகரெட் கடையில், புகை கிளப்பும் கம்பிச் சுருளான காயிலைச் சுற்றுகிறவனுக்கு ஓம் என்றால் ஒன்றுதான், கம்பியின் மின்தடை. அப்பா இல்லாத ரோனெலை வளர்த்தவர்கள் அப்பாவின் அண்ணன் தம்பிமார். டெஸ்வின் அவர்களைப் பார்த்ததில்லை. அவர்கள் சம்மதித்தால்தான் கல்யாணம். அவர்களில் ஒருவருடைய வேப்புக்கு மூன்று ஓமில் காயில் வேண்டும், அதை வைத்துத் தன்னை எடைபோடப் போகிறார்கள் என்று அவனாகவே முடிவு கட்டியிருந்தான். ஊரே அரை ஓமுக்குக் கீழே வைத்து மேகம் மேகமாக ஊதும்போது எவர் மூன்று கேட்பார்? கேட்பவர் கண்டிப்பான ஆள்தான்.

தலைமுடி போன்ற கம்பியை எடுத்து, ஸ்குரூ டிரைவர் தண்டின்மேல் மூச்சை அடக்கிச் சுற்றினான். ஒன்பது. பத்து. பதினொன்று. மீட்டரில் வைத்தான். மூன்று புள்ளி பூஜ்யம். மீட்டருக்கு முத்தம் கொடுக்கக் குனிந்தபோது கதவு மணி அடித்தது.

மூன்று கிழவர்கள். ஒருவர் தொப்பி, ஒருவர் கைத்தடி. மூன்றாமவரிடம் எதுவும் இல்லை, பேச்சுகூட.

"வாங்க ஓம், வா..."

நாக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆப்பிரிக்கான்ஸ் பேசும் ஊரில் பெரியப்பாவும் ஓம், சித்தப்பாவும் ஓம், தெருவில் போகிற நரைத்த தலை ஒவ்வொன்றும் ஓம். டெஸ்வின் எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. மணி பதினொன்று.

அடிப்பாவி! அவள் காயில் கேட்கவில்லை. ஆளை அனுப்பியிருக்கிறாள்.

"வெயில் மண்டையப் பொளக்குது. உக்காரலாமா தம்பி?" என்றார் தொப்பி.

கடையில் இருந்ததோ இரண்டு நாற்காலி. மூன்றாமவருக்கு ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டான். அது மெதுவாக அமுங்கியது. அவரும் மறுப்பில்லாமல் அதோடு இறங்கினார்.

தொப்பி ஓம் சட்டைப் பையிலிருந்து ஒரு வேப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். "நேத்துலேர்ந்து கருகின வாடை. பாத்துக் குடு."

பரீட்சை தொடங்கிவிட்டது. டெஸ்வின் கையில் தயாராக இருந்தது மூன்று ஓம் காயில்தான். அதையே மாட்டி, பஞ்சுத் திரி செருகி, புகையாகிற ஜூஸை விட்டு நீட்டினான். பெரியவர் கன்னம் ஒட்ட இழுத்தார். வெளியே வந்தது ஒரு பல்லி கொட்டாவி விட்ட அளவுப் புகை.

"என்னப்பா இது, கேஸ் தீந்த அடுப்பு மாதிரி?"

"ஒரு நிமிஷம் ஓம்!"

இம்முறை தடிக் கம்பி, ஐந்தே சுற்று. அவசரத்தில் காயிலின் காலை ஒட்ட நறுக்க மறந்தான். மூடியைத் திருகியதும் அந்தக் கால் மூடியில் முட்டியது. வேப்பின் சின்னத் திரையில் 'ஷார்ட்' என்று விழுந்தது.

"செத்துப்போச்சா?" என்றார் கைத்தடி, ஆவலாக.

"இல்ல ஓம், மயக்கம்தான்." காலை நறுக்கினான். இம்முறை பஞ்சைக் கிள்ளியது போதவில்லை. தொப்பி ஓம் இழுத்தார். காய்ந்த திரி கருகி, புகை நேரே தொண்டையில் இறங்கியது. அவர் இருமிய இருமலில் பல்செட் மேசையில் வந்து குதித்தது.

பஞ்சு எடுக்கிற இடுக்கியாலேயே அதைப் பிடித்துத் தூக்கி, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினான் டெஸ்வின்.

பெரியவர் பல்லை மாட்டிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

டெஸ்வின் நிமிர்ந்து நின்றான். "அது உங்க கையிலதானே இருக்கு ஓம்."

"எங்க கையிலயா?"

"பெரியவங்க நீங்க சரின்னு சொன்னாத்தான் நான் அவ கையப் பிடிப்பேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கேட்டியாடா," என்றார் கைத்தடி, "இந்தக் காலத்துல இப்படி ஒருத்தன்! குடிப்பியா?"

"கிறிஸ்துமஸுக்கு மட்டும்."

"சமைப்பியா?"

"சோள மாவுல பாப் கிண்டுவேன். கட்டி தட்டாது."

பேச்சு மும்முரத்தில் இம்முறை பஞ்சைக் கூடுதலாகத் திணித்துவிட்டான். அது ஜூஸைக் குடிக்கவில்லை. அவன் விடவிட அத்தனையும் காற்றுத் துளை வழியாக இறங்கி, தொப்பி ஓமின் வெளுத்த கால்சட்டையில், எந்த இடத்தில் நனையக் கூடாதோ அந்த இடத்தில் ஸ்ட்ராபெர்ரி வாசனையோடு பரவியது.

சரியாக அப்போது கதவு திறந்தது. கறுப்புக் கோட்டும் டையுமாக ஒரு தலை எட்டிப் பார்த்தது. அதன் பின்னால் இன்னும் இரண்டு தலைகள். "தம்பி, நாங்க..."

"கடை லீவு! அப்புறமா வாங்க!" முகத்தில் இடிக்காத குறையாகக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

"வியாபாரத்தைத் துரத்துறியே?" என்றார் கைத்தடி.

"உங்களவிட எனக்கு யாரு முக்கியம்?"

தொப்பி ஓம் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே கேட்டார். "சரி, சொல்லு. இத்தன தடவ கெடுத்தியே, அந்தப் பொண்ணு வாழ்க்கையையும் இப்படித்தான் கெடுப்பியா?"

டெஸ்வின் இடுக்கியைக் கீழே வைத்தான். அடிக்கடி பேசிப் பார்த்து வைத்திருந்த அழகான பதில் ஒன்று இருந்தது. அது வரவில்லை.

"கெடுப்பேன் ஓம்," என்றான். "ஆனா ஒவ்வொரு தடவையும் பிரிச்சு, முதல்லேர்ந்து சுத்துவேன். விட்டுட்டுப் போகத் தெரியாது எனக்கு. வேற நல்ல குணம்னு சொல்லிக்க ஒண்ணும் இல்ல."

அவன் புதுக் கம்பி எடுத்தான். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்ட கைக்கு இனி அவசரம் இல்லை. ஆறு சுற்று. பட்டனை விட்டு விட்டு அழுத்தினான்; காயில் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே சீராகச் சிவந்தது. ஆறவிட்டு, இழுத்தால் லேசாகப் பிடிக்கிற அளவுக்குப் பஞ்சைக் கோத்தான். இரண்டு நுனியையும் குழந்தைக்குத் தலை வாருவதுபோல் சீவி, நறுக்கி, படுக்கவைத்தான். சொட்டுச் சொட்டாக ஜூஸ் விட்டான். பஞ்சு சமர்த்தாகக் குடித்தது.

தொப்பி ஓம் பயந்துகொண்டேதான் இழுத்தார். ஊதியபோது எதிரே இருந்த மற்ற இரண்டு ஓமும் புகையில் காணாமல் போனார்கள்.

"ஆகா!" என்றது மேகம். "கட்டிக்கோ தம்பி! எங்க மூணு பேருக்கும் முழுச் சம்மதம். அவளுக்குக் குடுத்துவச்சிருக்கு!"

டெஸ்வினுக்குக் கண் நிறைந்துவிட்டது. காசு வாங்க மறுத்தான். மூவர் கையையும் பிடித்து உலுக்கினான். ஓடிப்போய்த் தாழ்ப்பாளை நீக்கி, மணமேடைக்கு அழைப்பவனைப் போலக் கதவைத் திறந்து பிடித்தான்.

அட்டைப்பெட்டியிலிருந்து ஒருவழியாக எழுந்து கடைசியாக வந்த மூன்றாவது ஓம், வாசலில் நின்று, அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"எல்லாம் சரி தம்பி. பொண்ணு யாரு?"